மாத்திரை டப்பா வந்து சேர்ந்தது

அம்பாசமுத்திரம்

அன்புள்ள எய்யா,

பார்சல் வந்தது. பிள்ளைகள் போட்டோவைப் பூஜை அலமாரிப் பக்கத்தில் மாட்டியாகிவிட்டது. அந்த ஆன்டிஆக்சிடென்ட் மாத்திரை டப்பாவை மட்டும் பிரிக்கவில்லை. கோபப்படாதே.

"மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்" என்று 31 வருஷம் பிள்ளைகளை எழுத வைத்தேன். ஒரு மார்க் கேள்வி. அதற்கு மேல் நானே யோசித்ததில்லை. ரிட்டயர் ஆகி, மூட்டு வலி வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

ஆச்சியின் அடுக்களை ஞாபகம் இருக்கிறதா? விறகடுப்பில் சோறு வேகும்போது புகையும் வரும். மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித்தான். தின்ற சோற்றிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்க்கிறது. வழியில் ஒன்றிரண்டு நழுவிப்போய் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் சூப்பர்ஆக்சைடு. அதிலிருந்து பிறக்கிறவை கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எல்லாவற்றையும் அரிக்கும். இந்தச் சேதம் சேர்ந்துதான் முதுமை என்று டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் 1956-ல் சொன்னார். 1972-ல் மைட்டோகாண்ட்ரியாவையே கைகாட்டினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அந்த அரிப்பைத் தடுப்பதுதான் ஆன்டிஆக்சிடென்ட் என்று சொல்லி விற்க, மாத்திரைக்காரர்களுக்கு அது போதாதா?

ஆனால் சோதித்துப் பார்த்தபோது கணக்கு இடித்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து, ஒரு பகுதிக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடென்ட் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது! 2009-ல் இன்னொன்று. உடற்பயிற்சி செய்தால் உடம்பில் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். ஆனால் உடற்பயிற்சி செய்த வாலிபர்களில், இதே ஆன்டிஆக்சிடென்ட் வகையான வைட்டமின் சி-யும் இ-யும் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்காமலே போனது.

இந்த இரண்டாவது சோதனையில் ஏன் அப்படி ஆனது தெரியுமா? புகை கண்ணைக் கரித்தால்தானே ஆச்சி எழுந்துபோய்ப் புகைக்கூண்டைத் தட்டுவாள்? செல்லும் கொஞ்சம் புகை கண்டால்தான் அதை அடக்கும் தன் சொந்த நொதிகளைக் கூடுதலாகச் செய்துகொள்கிறது. புகையை மாத்திரை துடைத்துவிட்டால் ஆச்சி எழுந்திருக்கவே மாட்டாள்.

அதற்காகப் புகை நல்லது என்று சொல்லவரவில்லை. வயதானால் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்துகிற வேலை மந்தமாகிறது, அடுக்களை கரி பிடித்துப்போகிறது. ஆனால் அந்தக் கரி முதுமைக்குக் காரணமா, விளைவா என்று விஞ்ஞானிகளுக்குள் சண்டை இன்னும் தீரவில்லை. தீராத சண்டையை நம்பி நான் ஏன் மாத்திரை முழுங்க வேண்டும்?

அதனால் காலையில் கல்லிடைக்குறிச்சிப் பாலம் வரை வேகமாக நடந்து திரும்புகிறேன். நடந்தால் கிழவிகளின் தசையிலும் புது மைட்டோகாண்ட்ரியா உண்டாகும். மூச்சு வாங்குகிறது, வாங்கட்டும்.

ஒரு விஷயம். இந்த மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டும்தான் வரும். ஆச்சி எனக்குத் தந்ததை உனக்கும் தங்கச்சிக்கும் தந்தேன். உன்னோடு அது நின்றுவிடும். உன் பிள்ளைகளுக்குள் இருப்பதெல்லாம் உன் மாமியார் வீட்டுச் சரக்கு. தங்கச்சி மகள் வழியாகத்தான் ஆச்சியுடையது மேலே போக வேண்டும். சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடாதே, பெருமை பிடிபடாது.

அப்புறம், அடுத்த தடவை மாத்திரைக்குப் பதில் நல்ல ஷூ ஒன்று அனுப்பு. 6-ம் நம்பர், கொஞ்சம் அகலமாக. சாரல் நேரத்தில் பாலம் வழுக்குகிறது.

அம்மா