என் டப்பாவும் பிசிஆரும்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மாணிக்கத்துக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவிடாமல் செய்தது என் வயிறு. ஒரே உப்புசம், காலையில் நாலு முறை ஓட்டம். டாக்டர் மலப் பரிசோதனைக்கு எழுதினார். முப்பது வருடம் லேபில் ஊரார் மல டப்பாவைத் திறந்து பார்த்தவன், என் டப்பாவைப் பையில் ஒளித்துக்கொண்டு பஸ் ஏறினேன். சிரிக்காதே.

இப்போது எல்லாம் பிசிஆர், அதாவது கிருமியின் டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் முறை. நாம் பழக்கிய பையன்தான் அந்த லேபில் இருக்கிறான். மலத்திலிருந்து டிஎன்ஏ எடுப்பதுதான் பெரிய பாடாம். ஒட்டுண்ணியின் கூடு கெட்டி, லேசில் உடையாது. மலத்தில் உள்ள பித்த உப்பு போன்றவையும் பிசிஆர் வினையைக் கெடுக்கும். அதனால் ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த டிஎன்ஏ கொஞ்சம் சேர்த்துவிடுகிறார்கள். அதுவே பெருகவில்லையென்றால் 'இல்லை' என்று வரும் முடிவை நம்புவதில்லை.

நாம் 'அமீபா' என்று எத்தனை ரிப்போர்ட் எழுதியிருப்போம்! நோய் தரும் ஹிஸ்டோலிடிகா அமீபாவின் கூடும், ஒன்றும் செய்யாத டிஸ்பாரின் கூடும் நுண்ணோக்கியில் ஒரே அச்சு. இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள், டிஸ்பாருக்கு மருந்து வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னதே 1997இல்தான். பிசிஆர் அதைச் சுலபமாகப் பிரிக்கிறது. நம்மை நம்பி எத்தனை பேர் வீணாக மெட்ரோனிடசோல் விழுங்கினார்களோ, இப்பவும் உறுத்துகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். பிளாஸ்டோசிஸ்டிஸ் என்ற குடல் ஒட்டுண்ணி இருப்பதாக வந்தது. வீட்டுக்காரி அடுப்படி முழுக்கக் கழுவிவிட்டாள். டாக்டரோ மருந்தே தரவில்லை. நல்லா இருப்பவர்கள் வயிற்றிலும் அது தாராளமாக உண்டு, அதன் மேல் பழி போடமுடியாது என்றார். பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். பால் கலந்த தே தாரிக்கை விட்டு பாலில்லாத தே ஓவுக்கு மாறினேன். இரண்டே வாரத்தில் வயிறு அடங்கிவிட்டது!

அப்புறம், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கப்போவதாக எழுதியிருந்தாய். ஈப்போ பக்கம் பால்மரத் தோட்டத்தில் செருப்பில்லாமல் திரிந்தவன் நீ. மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியே ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு உடம்புக்குள் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் கிடக்கும். ஸ்டீராய்டு உள்ளே போனால் கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே உலை வைக்கும். எனக்குச் செய்த பிசிஆரில் அந்தப் புழு சேர்த்தியில்லை, நாலைந்து ஓரணு உயிரிகளை மட்டும்தான் தேடினார்கள். அதனால் மலத்தில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் விட்டுவிடாதே. இந்தப் புழுவின் பேரைச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேள், மாத்திரை தொடங்கும் முன்பே. முடிவு வந்ததும் எழுது.

அன்புடன்,
கோபால்