உப்பு ‘தேவையான அளவு’ அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடத் தொடங்கிய காய்கறிகளை உப்புநீரில் புளிக்கவைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் செய்முறையில் ‘உப்பு – தேவையான அளவு’ என்று போட்டுவிட்டீர்கள். சாம்பாருக்கு அது சரி, இதற்குச் சரிவராது. பட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

டெல்லியில் குளிர்காலத்து வாரச் சந்தைக்கு இரவு ஒன்பதுக்கு மேல் போனால், வண்டியைக் கட்டும் அவசரத்தில் முள்ளங்கியைக் கூறு கட்டித் தள்ளிவிடுவார்கள். அப்படி ஒரு நாள் இரண்டு கிலோ வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் பி.பி. மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். உப்பைக் குறைப்போமே என்று ஜாடி முழுவதற்கும் இரண்டே டீஸ்பூன் போட்டேன். முள்ளங்கிக்கு இயல்பாகவே ஒரு வாடை உண்டு இல்லையா, அதனால் முதல் இரண்டு நாள் சந்தேகமே வரவில்லை. நான்காம் நாள் கரண்டியை விட்டு எடுத்தால் வெண்டைக்காய்போல நூல் இழுக்கிறது. ஜாடியோடு கீழே கொண்டுபோய்க் கொட்டினேன். வீணாகக் கூடாது என்று செய்ததே மொத்தமாக வீணாயிற்று.

இந்த முறையில் உப்பு ருசிக்காகப் போடுவதல்ல, காவலுக்குப் போடுவது. காயிலேயே எல்லா வகை பாக்டீரியாவும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. தயிரைப் புளிக்கவைப்பவற்றின் சொந்தக்காரர்களான லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உப்பைத் தாங்கும். அழுகவைக்கும் கூட்டத்தில் பெரும்பாலானவை தாங்காது. உப்பு குறைந்தால் அழுகல் முந்திக்கொள்ளும். அள்ளிப் போட்டால் நல்லதும் சேர்ந்து முடங்கிவிடும்.

நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு: காயும் தண்ணீரும் சேர்த்து ஒரு கிலோ என்றால் உப்பு 25 கிராம். 600 கிராம் காய், 400 மில்லி தண்ணீர், 25 கிராம் உப்பு. ஸ்பூன் கணக்கு வேண்டாம். கல்லுப்பு ஒரு ஸ்பூனும் தூளுப்பு ஒரு ஸ்பூனும் ஒரே எடை இருப்பதில்லை. சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கினால் போதும். காய் தண்ணீருக்கு மேலே தலை நீட்டக் கூடாது. நான் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தி வைக்கிறேன். கண்ணாடி பாட்டிலாக இருந்தால் மூடியைத் தினம் ஒரு தடவை தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வாயு சேர்ந்து பொங்கும். மேலே மெல்லிய வெண்படலம் வந்தால் வழித்துப் போடலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு கட்டினால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், மேலாக எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட வேண்டாம்.

இன்னொரு திருத்தம். ‘சீக்கிரம் புளிக்க இரண்டு ஸ்பூன் வினிகர்’ என்றும் எழுதியிருந்தீர்கள். வினிகர் ஊற்றினால் காய் புளிப்பாக இருக்கும், ஆனால் அது புளித்ததாகாது. நம் வீடுகளில் மாவடுவுக்கு யார் வினிகர் ஊற்றினார்கள்?

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டு பஞ்சாபி அம்மாள். டெல்லிக்கு வந்த புதிதில் ஒருநாள் ‘காஞ்சி குடிக்க வா’ என்று கூப்பிட்டார். தஞ்சாவூர்க்காரி காதில் அது கஞ்சி என்றுதானே விழும்? நொய்க்கஞ்சியும் துவையலும் கிடைக்கும் என்று போனால், டம்ளரில் கத்தரிப்பூ நிறத்தில் கடுகு வாசனையோடு என்னவோ இருந்தது. கறுப்பு கேரட்டை நீளமாக நறுக்கி, கொஞ்சம் பீட்ரூட், உப்பு, மிளகாய்த்தூள், பொடித்த கடுகு போட்டுத் தண்ணீர் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் ஐந்தாறு நாள் வைப்பார்களாம். பனிமூட்டம் பிடித்துக்கொண்டால் பத்து நாள்கூட ஆகும். முதல் வாய் மூக்கில் ஏறியது. இப்போது நானே வருஷம் தவறாமல் போடுகிறேன்.

அதே உப்புநீரில் காலிஃபிளவர் தண்டையும் போடலாம். மேல்தோலை நார் போக உரித்துவிட்டால் உள்ளே இருப்பது நூல்கோல்போல மொறுமொறுவென்று இருக்கும். டெல்லியில் அந்தத் தண்டைக் கடைக்காரரே வெட்டி எறிந்துவிடுகிறார். ‘கொடுங்கள்’ என்று கேட்டால் மாடு வளர்க்கிறீர்களா என்கிறார்.

நாங்கள் இருப்பது மயூர் விஹார் ஃபேஸ் 3. ஜாடியை வெயிலுக்கு வைக்க மாடிக்குப் போனால் எதிரே காசிப்பூர் குப்பைமலை. 2024 ஏப்ரலில் அது பற்றி எரிந்தபோது கொடியில் காய்ந்த புடவையெல்லாம் புகை நாற்றம். குப்பைக்குள் மக்கும் உணவிலிருந்து வரும் மீத்தேன் அங்கே தீப்பிடிக்க ஒரு காரணம். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை சொல்கிறது. தோல், தண்டு எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

பி.பி. உள்ளவர்கள் இதை ஊறுகாய் மாதிரி இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். என் வீட்டுக்காரருக்கு நான் எண்ணித்தான் வைக்கிறேன். அவர் எண்ணாமல் எடுத்துக்கொள்கிறார், அது வேறு கதை.

ஹோலி தாண்டினால் கறுப்பு கேரட் கண்ணில் படாது. திருத்தத்தை அதற்குள் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
மயூர் விஹார் வாசகி ஒருத்தி,
டெல்லி