14 குடம் தண்ணீருக்கு ஒரு நன்றி மடல்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் ஸலாம், வணக்கம்.

நோன்புப் பெருநாள் முடிந்து 4 நாள் ஆகிவிட்டது. பார்த்தவர்களிடம் எல்லாம் நன்றி சொன்னேன்தான். ஆனால் பெருநாளுக்கு முந்தின ராத்திரி உதவிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் யாரென்றே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அதனால் எழுதிவிடுகிறேன். பெயர் போடக் கூடாது என்று மாடி வீட்டு அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, யார் பெயரும் போடவில்லை.

"பண்டிகை எப்போன்னு முன்னாடியே தெரியாதா, கடைசி நேரத்துல ஏன் இப்படி ஓடுறீங்க?" என்று சிலர் கேட்டீர்கள். தெரியாது. எங்கள் மாதம் பிறை பார்த்துப் பிறப்பது. ரமலான் 29 நாளிலும் முடியும், 30 நாளிலும் முடியும். 29-ஆம் நோன்பைத் திறந்த கையோடு மேற்கே வானத்தைப் பார்ப்போம். பிறை தெரிந்ததென்று தலைமை காஜி அறிவித்தால் மறுநாள் பெருநாள், இல்லையென்றால் இன்னொரு நோன்பு. இந்தத் தடவை 30 என்று நாங்களாகவே முடிவு கட்டி நிதானமாக இருந்தோம். எங்கள் வீட்டுப் பாட்டி, நன்னிமா மட்டும் "29-தான், எழுதி வெச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பலித்துவிட்டது.

அறிவிப்பு வந்த அரை மணி நேரத்தில் மோட்டார் புகைந்து நின்றது.

ஊரிலிருந்து வந்தவர்களோடு வீட்டில் 11 பேர். விடிந்ததும் எல்லோரும் குளிக்க வேண்டும். பெருநாளன்று குளித்து, இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டு, அத்தர் பூசித்தான் ஆண்கள் தொழுகைக்குக் கிளம்புவார்கள். பிரியாணிக்கு 5 கிலோ அரிசி களைய வேண்டும், கறி கழுவ வேண்டும். டேங்கில் இருந்ததோ 2 வாளி. மெட்ரோ தண்ணீர் விடிகாலையில்தான் அடிபம்பில் வரும். வீட்டுக்காரருக்கு எம்.சி. ரோட்டில் துணிக்கடை வேலை. பிறை ராத்திரியில் அவரைக் கூப்பிடுவதும் ஒன்று, சுவரைக் கூப்பிடுவதும் ஒன்று.

நான் யாரிடமும் உதவி கேட்கவில்லை. வாசலில் நின்று போனில் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன், அவ்வளவுதான். முதலில் மாடி வீட்டு அக்கா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இறங்கி வந்தார். அப்புறம் எதிர் வீடு. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா, மறுநாளைக்கென்று பிடித்து வைத்திருந்ததையே தூக்கி வந்துவிட்டார். 9 மணிக்குள் எங்கள் நடையில் 14 குடம் வரிசையாக நின்றது. நீலம், சிகப்பு, பச்சை. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சில்வர் தட்டு. ஒன்றில் மட்டும் தூசி விழாமல் வெள்ளைத் துணி கட்டி, நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. அதை அவிழ்க்கவே மனசு வரவில்லை.

மோட்டார் அண்ணன் 10 மணிக்கு வந்து கழற்றிப் பார்த்தார். "காயில் போச்சு பாயம்மா, ரீவைண்டிங்குக்கு 2 நாள் ஆகும்" என்றார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, தன் கடையிலிருந்த பழைய மோட்டாரை வண்டியில் வைத்து எடுத்துவந்து மாட்டிவிட்டுத்தான் போனார். அப்போது மணி 12.30.

கறிக்கடை பாய்க்கும் நன்றி. நாங்கள் சொல்லாமலேயே 5 கிலோ எடுத்து வைத்திருந்தார். "நீங்க 30-ன்னு கணக்கு போட்டு ஏமாறுவீங்கன்னு தெரியும்" என்றார். தையல்காரரைப் பற்றி எதுவும் சொல்வதாக இல்லை.

ஆட்டோ அண்ணனைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபித்ரா என்று ஒன்று உண்டு. வசதியுள்ள வீட்டில் தலைக்கு இவ்வளவு என்று அரிசியாகவோ பணமாகவோ ஏழைகளுக்குக் கொடுப்பது, பிறந்த குழந்தைக்கும் சேர்த்து. எங்கள் வீட்டில் ஆளுக்கு இரண்டரை கிலோ கணக்கு. பெருநாள் தொழுகைக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும், பிந்தினால் அது வெறும் தர்மம். அன்று யாரும் அடுப்பு மூட்டாமல் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. தண்ணீர்க் கலவரத்தில் நான் மறந்தே போன அந்தப் பைகளை, தம்பி மகனையும் ஏற்றிக்கொண்டு கொருக்குப்பேட்டை வரை போய், விடிவதற்குள் சேர்த்துவிட்டு வந்தார். கூலி வாங்கவில்லை.

காலையில் பேரீச்சம்பழம் தின்றுவிட்டு ஆண்கள் தொழுகைக்குப் போனார்கள். பெருநாள் என்றாலே பிரியாணி என்பார்கள். என்னைக் கேட்டால், ஒரு மாதம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் குடிக்கும் அந்த முதல் கிண்ணம் ஷீர் குருமாதான் பெருநாள். நெய்யில் வறுத்த சேமியா, சுண்டக் காய்ச்சிய பால், சாரைப்பருப்பு, நறுக்கிய பேரீச்சை. அதை அன்று உங்கள் தண்ணீரில் கழுவிய சட்டியில்தான் காய்ச்சினேன்.

மதியம் பிரியாணியும் தால்ச்சாவும் எல்லா வீட்டுக்கும் வந்திருக்கும். விட்டுப்போயிருந்தால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். சின்னவர்களுக்கு நன்னிமா புது 10 ரூபாய் நோட்டைப் பெருநாள் காசாகக் கொடுப்பது வழக்கம். அவருக்கு 84 வயது, அவர் கணக்கில் எல்லோரும் சின்னவர்கள்தான். என்னிடம் ஒரு பைசா வாங்காத மோட்டார் அண்ணனும் ஆட்டோ அண்ணனும் அந்த 10 ரூபாயை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

குடங்களை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டோம். 13 போய்ச் சேர்ந்தது. ஒரு பச்சைக் குடம் மட்டும் இன்னும் எங்கள் நடையில் நிற்கிறது. விளிம்பில் லேசாக உருகிய தழும்பு இருக்கும். வீடு வீடாகக் காட்டிவிட்டேன், எல்லோரும் தங்களுடையது இல்லை என்கிறார்கள். வெள்ளைத் துணி கட்டியிருந்தது அதில்தான். துணியையும் துவைத்து மடித்து உள்ளேயே வைத்திருக்கிறேன்.