சதுப்பு நிலத்துத் தட்டான்கள்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

கேம்பிரிட்ஜ், இங்கிலாந்து,
செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலையில் குறையொன்றும் இல்லை, குளிரும் பழகிவிட்டது. அந்தக் குளிரில் தட்டான் பூச்சி எல்லாம் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது அப்பா, அதுவும் எத்தனை அழகாக!

ஏப்ரல் கடைசியில் செந்நிற ஊசித்தட்டான் (ஊசிபோல் ஒல்லியான சிறு தட்டான்) முதலில் தலைகாட்டும். நவம்பர் போவதற்குள் அநேகமாக எல்லாம் ஓய்ந்துவிடும். இடைப்பட்ட மாதங்களிலும் வெயில் அடித்தால்தான் பெரும்பாலானவற்றுக்கு நடமாட்டம். மேகம் மூடினால் புல்லிலும் புதரிலும் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தால் மற்ற வேலைகளை ஒத்திப்போட்டுவிட்டு விக்கன் ஃபென் என்ற சதுப்பு நிலத்துக்குப் புறப்பட்டுவிடுகிறேன். இந்த வட்டாரமே ஒரு காலத்தில் சதுப்புதான். பதினேழாம் நூற்றாண்டு முதல் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, வயலாக்கிவிட்டார்கள். தப்பிய துண்டுகளில் ஒன்று விக்கன். 1899-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை அதன் முதல் பகுதியை வாங்கியது. நாணலுக்கு நடுவே பலகைப் பாதை போட்டிருப்பதால் கால் நனையாமல் தண்ணீர் ஓரம்வரை போகலாம்.

அங்கே கோடையின் பிற்பகுதியில் சிவப்புத் தட்டான்கள் நிறையப் பறக்கின்றன. காமன் டார்ட்டர், ரட்டி டார்ட்டர் என்று இரண்டு இனம். நிறத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. இரண்டிலும் முதிர்ந்த ஆண் சிவப்பு. பெண்ணும் இளம் ஆணும் மஞ்சள். காலைத்தான் பார்க்க வேண்டும். காமன் டார்ட்டரின் கறுத்த காலில் நெடுக ஒரு மஞ்சள் கோடு ஓடும்; ரட்டியின் கால் முழுக் கறுப்பு. ரட்டி ஆணுக்கு வயிற்றின் நடுப்பகுதி சிறுத்து, நுனிப்பக்கம் கதாயுதம் போலப் பருத்திருக்கும். இத்தனை சிறிய பூச்சியின் காலில் கோட்டைத் தேடுவது எப்படி என்று கேட்பீர்கள். துரத்தக் கூடாது. இந்த வகைத் தட்டான் எழுந்து பறந்தாலும் பெரும்பாலும் உட்கார்ந்த குச்சிக்கே திரும்பும். நம் நிழல் அதன் மேல் விழாத பக்கமாக நின்று காத்திருந்தால் போதும், தானே வந்து உட்கார்ந்து காலைக் காட்டும். அந்த மஞ்சள் கோடு கண்ணில் படும் நொடியில் எனக்கு வரும் மகிழ்ச்சியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

கேம் ஆற்றங்கரையில் இன்னொன்று: சிறகின் நடுவில் மை பூசியது போன்ற கருநீலப் பட்டையுடன் ஓர் ஊசித்தட்டான். அது ஆண். பெண்ணுக்குப் பட்டை கிடையாது, உடல் பச்சை. ஊசித்தட்டான் எதுவானாலும் இரண்டு கண்களும் விலகி இருக்கும். பெரிய தட்டான்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்கள் தலை உச்சியில் தொட்டுக்கொள்ளும்.

வீட்டுத் தோட்டத்துக்கும் வருகிறது. பக்கத்து வீட்டில் மீன் விடாத ஒரு சின்னக் குளம். அங்கே சதர்ன் ஹாக்கர் என்ற பெரிய தட்டான் சுற்றுகிறது. ஆளைக் கண்டு ஓடாது. அருகே வந்து அந்தரத்தில் நின்று நம்மைப் பார்த்துவிட்டுத்தான் போகும். அதன் முதுகின் முன்பக்கம் இரண்டு அகலமான பச்சைத் திட்டுகள். ஆணின் வால் நுனியில் நீலம் புள்ளிகளாகப் பிரியாமல் பட்டையாக இருக்கும். குளத்து ஓரத்து இலைத்தண்டில் அது உரித்துப்போட்ட சட்டையை ஜூலையில் கண்டேன். பழுப்பு நிறம், காய்ந்த தாள்போல எடையே இல்லை. முதுகு பிளந்திருந்தது, பிளவிலிருந்து வெள்ளை நூல்கள் சில தொங்கின. அவை அதன் பழைய மூச்சுக்குழல்களின் உள்ளுறை. நீருக்கடியில் இரண்டு, மூன்று ஆண்டுகள் இரைதேடி வளர்ந்த பூச்சி ஓர் இரவில் ஏறி வந்து இதைக் கழற்றிவிட்டுப் பறந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் காட்டினேன். இனி அந்த ஓரத்துச் செடிகளை வெட்டுவதில்லை என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது பெரிய பரிசு.

ஒன்று மட்டும் இங்கே பார்க்க முடியவில்லை. நம் பக்கம் அக்டோபரில் கூட்டங்கூட்டமாகப் பறக்குமே, பொன்மஞ்சள் தட்டான், அதுதான். பின்சிறகு அடிப்பக்கம் மிக அகலம். உட்காரும்போது செங்குத்தாகத் தொங்கும். அது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். இந்த அக்டோபரில் மொட்டை மாடிக்குப் போகும்போது அவை எந்தத் திசையில் பறக்கின்றன, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று நாள்காட்டியில் குறித்து வையுங்கள் அப்பா. எதுவாவது உட்கார்ந்தால் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், கால் தெரியட்டும்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்