மெரூன் என்றால் எந்த மெரூன்?

அன்பு மாப்ள,

அப்பாவின் பழைய ஜாவா பைக்குக்கு ஒருவழியாக நிறம் கிடைத்துவிட்டது. உனக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதும் அதனால்தான். கையெல்லாம் தின்னர் வாடை. வீட்டில் அடுப்படிப் பக்கமே என்னை விடுவதில்லை.

உன் அண்ணனின் ஆர்எக்ஸ் 100ஐப் பெயிண்டுக்குக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. நான் பட்டதைக் கேட்டுவிட்டுக் கொடு.

வண்டியைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனியை 1996லேயே மூடியாயிற்று. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. ஆர்சி புக்கில் நிறம் என்ற இடத்தில் ‘மெரூன்’ என்று ஒரே சொல். கடையில் மெரூன் என்று கேட்டால் ஏழெட்டு அட்டையை எடுத்து நீட்டுகிறான். ஒன்று பீட்ரூட், ஒன்று கல்யாணப் பத்திரிகை, ஒன்று ஆறிப்போன ரசம்.

முதலில் கார் பெயிண்ட் கடைக்குப் போனேன். அங்கே ஒரு கருவி: மேலே வைத்து அழுத்தினால் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை அளந்து, எந்த டின்னில் எத்தனை கிராம் என்று கணக்குச் சொல்லும். கருவி பொய் சொல்லவில்லை. டேங்கின் உச்சியில் வைக்கச் சொன்ன மடையன் நான்தான். ஐம்பது வருஷ வெயில் தின்ற இடம். அது செங்கல்பொடியை அளந்தது, செங்கல்பொடியையே கொடுத்தது.

அடுத்து, ராத்திரி பட்டறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக் கலந்து, சைடு பாக்ஸில் மட்டும் அடித்துப் பார்த்தோம். அச்சு அசலாக இருந்தது. காலையில் வாசலுக்குத் தள்ளினால் சைடு பாக்ஸ் மட்டும் ஊதா அடிக்கிறது! ஒரே மெரூனை வெவ்வேறு நிறமிகள் கலந்து கொண்டுவரலாமாம். ஒரு விளக்கில் ஒத்துப்போவது இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். அந்தக் காலத்துச் சிவப்புகள் சிலவற்றில் ஈயம் இருந்தது. விஷமென்று பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். அதனால் பழைய சரக்கைப் புதுச் சரக்கால் எல்லா வெளிச்சத்திலும் ஏமாற்ற முடியாது.

பட்டறைக்கு வந்த ஒரு வயசான பெயிண்டர்தான் வழி சொன்னார். “வெயில் படாத இடத்தைத் தேடுங்க தம்பி.” டேங்கில் முழங்கால் படுகிற ரப்பரைக் கழற்றினோம். மாப்ள, அதற்கடியில் இருந்ததை என்னவென்று சொல்ல? விடிய விடிய மருதாணி வைத்துக் காலையில் கழுவின விரல்நுனி மாதிரி, கறுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்ற சிவப்பு. அப்பா அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று இருந்த நிறம். எனக்கு அதைத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் செங்கல் நிற ஜாவாதான்.

முன் மட்கார்டில் இன்னொரு கதை. 2000 நம்பர் வாட்டர் பேப்பரை, அதுதான் நைசான உப்புத்தாளை, நனைத்து ஒரு ரூபாய் அகலத்துக்குத் தேய்த்தேன். வெளியே கறுப்பு வளையம், உள்ளே நீலம், பிறகு மெரூன், நடுவில் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு. நீலம் எப்போது வந்தது என்று அம்மாவுக்கே நினைவில்லை. தின்னர் நனைத்த பஞ்சில் கறுப்பும் நீலமும் கரைந்து வந்தன; மெரூன் அசையவில்லை. சூட்டறையில் சுட்டெடுத்த எனாமலாக இருக்கவேண்டும்.

பிறகு கலவை. அடர்த்திக்குக் கறுப்பை விட்டால் சிவப்பு செத்துச் சேறாகிறது. பெயிண்டர் ஊதாவைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். அட்டையில் அடித்து, காயவைத்து, காலை பத்து மணிக்கு வடக்குத் திண்ணை நிழலில் ரப்பரடி இடத்தோடு ஒட்டிப் பார்ப்போம். ஒன்பதாவது அட்டையில் அவர் ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார். சரியாக வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

டேங்க் முழுக்க அடித்தாயிற்று, ரப்பருக்கு அடியில் உள்ளங்கையளவு தவிர. அதை டேப் ஒட்டி மறைத்து அப்படியே விடச் சொல்லிவிட்டேன். அம்மா வண்டியைப் பார்த்து, “இப்படித்தான் இருந்துச்சு” என்றாள். தங்கை, “இது நம்ம வண்டி மாதிரியே இல்லையே” என்கிறாள். இரண்டு பேரையும் மறுக்க முடியவில்லை.

உன் ஆர்எக்ஸ் நிறத்துக்கு போட்டோ அனுப்பாதே. போன் கேமரா தன்னிஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும். சீட்டைக் கழற்றி அடியில் பார். சைடு கவர் ஒன்றைப் பழைய வேட்டியில் சுற்றி மதுரை பஸ்ஸில் போட்டுவிடு, மாட்டுத்தாவணியில் வாங்கிக்கொள்கிறேன். பெயிண்டர் அடுத்த மாதம் மகள் வீட்டுக்குப் போகிறார், அதற்கு முன்னால் வரட்டும்.

உன் பழைய ரூம்மேட்