இசக்கிக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் இசக்கிக்கு,

இங்கே எல்லாரும் நலம். பணகுடியில் ஆனிக் காற்று பிடித்துவிட்டது. அம்மா கொடியில் போட்ட என் வேட்டி பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையில் கிடந்தது. காற்றாலைக் காத்தாடிகள் ராப்பகலாகச் சுற்றுகின்றன.

மின் கம்பெனியில் கொள்கைப் பிரிவு, அரசாங்கத்துக்கு மனு தயாரிக்கிற வேலை என்று சொன்னாய். "இதுவும் தரகு வேலைதானாப்பா?" என்றும் கேட்டாய். அப்படி இல்லை, தாயி. தொழில் செய்கிறவனைக் கேட்காமல் சட்டம் போட்டால் அதுவும் கோளாறில்தான் முடியும்.

நம்ம ஊர்க் காத்தாடிகளையே பார். காற்று மாதத்தில் தயாராகிற கரண்டை மின்வாரியத்தில் வரவு வைத்து, காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளும் பேங்கிங், காத்தாடி வைத்திருக்கிற மில்லுக்காரர்களுக்கு உயிர்நாடி. வாரியமோ, வேண்டாத நேரத்தில் வாங்கி, கோடையில் கூடுதல் விலைக்கு வெளியே வாங்கித் திருப்பித் தரணுமா என்கிறது. சப்ஸ்டேஷனில் வேலை பார்த்தவன் நான், இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் நேருக்கு நேர் வாதாடுகிறார்கள். சரி, அது முறை.

வரிச் சலுகை கதை வேறு. காத்தாடி விலையில் 80 சதவீதம்வரை ஒரே வருடத்தில் தேய்மானம் என்று வரிக் கணக்கில் கழிக்கலாம் என்றிருந்ததை 2012-ல் நிறுத்தினார்கள். புதுக் காத்தாடி வைப்பது படுத்துவிட்டது. தொழில்காரர்கள் டெல்லிக்கு நடையாய் நடந்தார்கள், 2014-ல் திரும்ப வந்தது. 2017-ல் 40 ஆகக் குறைந்தது. வள்ளியூர்ச் சந்தையில் சோப்பு வாங்கி வரி கட்டுகிறவனிடம் யார் கேட்டார்கள்? கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் பணம் கொடுக்க வைத்திருந்த தேர்தல் பத்திரம் அதைவிட மோசம். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்ற பிறகு வந்த பட்டியலில் மின் கம்பெனிப் பெயர்களும் இருந்தன. யாருக்கும் தெரியாமல் கொடுக்கிற பணத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கட்டண மனுவை வெளியிட்டு, மக்களின் ஆட்சேபத்தையும் பார்த்த பிறகே உத்தரவு போடணும் என்கிறது 2003 மின்சாரச் சட்டம். அப்படி ஆட்சேபம் கேட்கிற ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன். வக்கீல்கள் மேஜையில் பைண்ட் பண்ணிய மனுக்களைக் கட்டு கட்டாக வைத்திருந்தார்கள். சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர் ஒருவர் கரண்ட் பில்லைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தார், மடிப்பில் எழுத்தே அழிந்திருந்தது. அவர் பேச வேண்டிய கணக்கு அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது. அத்தனையும் இங்கிலீஷ்.

இனி அந்தக் கட்டை எழுதப்போகிறவள் நீ. கூடவே தமிழில் நாலு பக்கச் சுருக்கம் வைக்கலாமா என்று மேனேஜரிடம் கேள். எந்தச் சலுகையால் யார் பில் எவ்வளவு ஏறும் என்பதும் அதில் இருக்கட்டும். மாட்டேன் என்றால் என்ன காரணம் சொன்னார் என்று எழுது.

அம்மா உடன்குடிக் கருப்பட்டி பார்சல் அனுப்பியிருக்கிறாள். கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு.

அன்புடன்,
அப்பா