காரின் மேல் ஒரு பலகை, வழியில் நாலு காபி

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசைக் கடலில், பலகையில் நின்றபடி துடுப்புப் போடும் போட்டி, பலகையைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றாய். போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, அதனால் எழுதுகிறேன்.

முதல் காரியம் கட்டுவது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். உன் 12 அடி 6 அங்குலப் பலகை 12 கிலோகூட வராது. கால் வைத்து நிற்கும் பக்கம் கீழே, அடிப்பக்கம் மேலே, மூக்கு முன்னால். அப்போது மூக்கின் வளைவு பானெட்டைப் பார்த்துக் குனிந்திருக்கும், எதிர்காற்று அடியில் புகுந்து தூக்காமல் மேலே வழுக்கிப் போய்விடும். அடியில் மீன் துடுப்பு மாதிரி நிற்கும் ஃபின்னைக் கழற்றி, அதன் திருகாணியையும் சின்னத் தகட்டு நட்டையும் ஒரு டப்பாவில் போட்டு டேஷ்போர்டில் வை. போட்டி நடக்கும் கரையில் அந்த நட்டுக்காக மணலைச் சலிக்கிற ஆள் ஒருவராவது எப்போதும் இருப்பார்.

லாரிக்குப் போடும் ராட்செட் பட்டை வேண்டவே வேண்டாம். அது கிளிக் கிளிக்கென்று இறுகிக்கொண்டே போகும், எங்கே நிறுத்துவதென்று கைக்குத் தெரியாது. பலகைக்குள் இருப்பது தெர்மாகோல் நுரை. விளிம்பு நசுங்கி விரிசல் விட்டுவிடும். பல் கடித்துப் பிடிக்கும் கேம் பக்கிள் பட்டை, 1 அங்குல அகலம், 12 அடி நீளம், இரண்டு வாங்கு. கையால் இழுக்கிற இறுக்கமே போதும். கட்டியபின் பலகையைப் பிடித்து உலுக்கிப் பார், கூடவே காரும் ஆட வேண்டும். பலகை மட்டும் நகர்ந்தால் பட்டை தளர்வு. பட்டையில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் 80 கி.மீ. வேகத்தில் அது ரீங்காரம் போடாது. அந்த வேகத்துக்கு மேல் போகவும் வேண்டாம். உன் சின்னக் காரில் கூரைக் குறுக்குக் கம்பியான இரண்டு ரூஃப் பாருக்கும் இடைவெளி குறைவு, பலகை தராசுக்கோல் மாதிரி ஆடும்; அதனால் மூக்கிலிருந்து முன்பக்கத்துக் கொக்கிக்கு ஒரு கயிறு கட்டு. தொய்வு போகும் அளவுக்குத்தான். இழுத்துக் கட்டினால் வேகத்தடை ஒவ்வொன்றும் மூக்கைத்தான் பதம் பார்க்கும். வால் பக்கம் ஒரு சிவப்புத் துணி.

இன்னொன்று, பலகையின் மேல்பக்கம் உள்ள காற்றுத் திருகு. வெயிலில் உள்ளே காற்று விரியும். திருகு மூடியே இருந்தால் மேல்தோல் நுரையை விட்டுப் பிரிந்து கொப்புளம் போடும். கட்டுவதற்கு முன்பே திறந்துவிடு, ஏனென்றால் கவிழ்த்துக் கட்டியபின் கை போகாது. தண்ணீரில் இறங்குமுன் மூடு. மறந்தால் நுரை தண்ணீர் குடிக்கும், அப்புறம் பலகை எடை கூடிக்கொண்டே போகும். துடுப்புக் கைப்பிடியில் சிவப்பு நாடா ஒன்று கட்டி வை. திருகை மூடினால்தான் நாடாவை அவிழ்ப்பது என்று வைத்துக்கொள்.

இனி காபி. சென்னையிலிருந்து இங்கே 400 கி.மீ.க்கு மேல். காபிக்கு நிறுத்துவதைப் பட்டை பார்ப்பதற்கென்றே வைத்துக்கொள், முதலில் பட்டை, பிறகு டம்ளர். கட்டிய முதல் அரை மணியில்தான் பட்டை அதிகம் நெகிழும், அதனால் காபி இல்லாவிட்டாலும் செங்கல்பட்டுக்கு முன்பே ஒரு தரம் இறங்கி இழுத்து விடு. முதல் காபி மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம் பக்கம். அங்கே இருபுறமும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று எழுதிய கடைகள்தான். டபராவின் பளபளப்பைப் பார்த்து நுழையாதே. கூட்டமுள்ள கடையில்தான் டிகாக்‌ஷன் அடிக்கடி இறங்கும். மற்றதில் காலையில் இறக்கியதையே சுடவைத்துக் கசக்க வைப்பார்கள். அடுத்தது உளுந்தூர்பேட்டை. அதற்கப்புறம் திருச்சி வரை வெட்டவெளி, பக்கக் காற்று; ஆம்னி பஸ் தாண்டும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடி. திருச்சி தாண்டி ஒன்று, திருமயம் கோட்டை கண்ணில் பட்டதும் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம், ராத்திரி தூக்கம் கெடும்.

சனிக்கிழமை அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து ராத்திரியில் ஓட்டி வரும் யோசனையை விட்டுவிடு. பலகையை வெயிலில் காரின் மேலேயே விடாதே. நம் வீட்டில் முகப்பு வாசலும் நடு முற்றத்தைச் சுற்றிய வளவும் ஒரே நேர்கோடு, 12 அடிப் பலகையைத் திருப்பாமலே உள்ளே கொண்டுவரலாம். வாலை ஊன்றிச் சாய்க்க வேண்டாம், ஆத்தங்குடித் தரைக்கல்லில் வழுக்கி விழும். வளவு ஓரத்தில் ஜமுக்காளத்தின் மேல் படுக்க வை. ராத்திரிக்கு இடியாப்பமும் கோசமல்லியும் போதும். உப்புக்கறியும் வறுவலும் திங்கட்கிழமைக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், கோபம்தான்.

ஞாயிறு காலை 3.30க்குப் புறப்பட வேண்டும். தேவகோட்டை, திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம், ராமநாதபுரம் வழியாகச் சுமார் 100 கி.மீ. ஊருக்கு ஊர் வேகத்தடை, இருட்டில் தெரியாது. அந்த நேரத்துக்குக் கடையை நம்ப முடியாது, பிளாஸ்க்தான். முதல் நாள் ராத்திரியே 4 மேசைக்கரண்டி பொடியை ஃபில்டரில் போட்டு, தட்டை லேசாக அழுத்தி, கொதிநிலைக்கு வந்து அடங்கிய தண்ணீர் 200 மி.லி. ஊற்றி வை. ஓங்கி அழுத்தினால் சொட்டாது. டிகாக்‌ஷன் தனி பிளாஸ்க், பால் தனி பிளாஸ்க். கலந்து எடுத்துப் போனால் விடிவதற்குள் வாடை மாறிவிடும். கருப்பட்டி போடுவதானால் கொதிக்கிற பாலில் போடாதே, திரிந்துவிடும். டம்ளரில் போட்டுக் கலக்கு.

போட்டிக்கு 2 மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். ஒரு மணி நேரம் முன்னால் பால் சேர்க்காத டிகாக்‌ஷன் அரை டம்ளர். துடுப்புப் போடும்போது இடுப்பு மடிந்து மடிந்து நிமிரும், வயிற்றில் பால் இருந்தால் குமட்டும்.

கடலைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பாக் விரிகுடாப் பக்கத்துக் கரை, கடல் வடக்கே. இப்போது கச்சான் காலம், காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அதனால் கரையோரம் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும், அதை நம்பி உள்ளே போகிறவர்கள் திரும்பும்போதுதான் திணறுவார்கள். போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், வெயில் ஏற ஏற வேகமும் கூடும். தெம்பில் பாதிக்கு மேல் திரும்பி வருவதற்கென்று வைத்துக்கொள். முடியவில்லை என்றால் முழங்காலிட்டுத் துடுப்புப் போடு, காற்றுக்குக் காட்டுகிற உடம்பு பாதியாகிவிடும். என்ன ஆனாலும் பலகையை விட்டு நீந்தாதே. பலகையோடு இணைக்கும் லீஷ் கயிறு காலில், லைஃப் ஜாக்கெட் உடம்பில், விசில் ஜாக்கெட்டில்.

அங்கே கடல்புல் நிறைய. நேராக நிற்கும் ஃபின்னில் அது சுற்றிக்கொண்டு பலகையை இழுத்துப் பிடிக்கும். பின்னால் நன்றாகச் சாய்ந்த ஃபின் ஒன்று உன்னிடம் இருக்கிறதே, அதைப் போடு. திடீரென்று வேகம் செத்தால் புல் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம், இரண்டு மூன்று முறை துடுப்பைப் பின்னோக்கிப் போட்டால் கழன்றுவிடும். புல்லே இல்லாமலும் பலகை ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தால் ஆழம் குறைவு. முழங்கால் அளவுத் தண்ணீரில் எவ்வளவு முக்கினாலும் வேகம் வராது, சற்று உள்ளே தள்ளிப் போ. மிதவையைக் குறுக்கே வெட்டித் திரும்பும் ஆசை வேண்டாம். அங்கேதான் பத்துப் பலகை ஒன்றோடொன்று முட்டும். ஒரு பலகை அகலம் வெளியே விட்டுச் சுற்று.

முடிந்ததும் பலகை, துடுப்பு, லீஷ், பக்கிள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசு. 10 லிட்டர் கேன் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். மணல் ஏறினால் துடுப்பின் நீளம் மாற்றும் பூட்டு இறுகிவிடும், பக்கிளில் உப்புப் பூத்தால் பல் பிடிக்காது. அன்றைக்கே சென்னைக்கு ஓட்டுகிற பேச்சு வேண்டாம், திங்கட்கிழமைக்கு இப்போதே லீவு சொல்லிவிடு ஆத்தா.

ஃபில்டருக்குள் அழுத்தும் தட்டு இங்கே காணோம். போன தடவை உன் சாமானோடு வந்துவிட்டதா பார், இருந்தால் எடுத்து வா.

அப்பச்சி